“45 நாள் லேப் குட்டி, ஃபர்ஸ்ட் டோஸ் போட்டாச்சு”: சென்னையில் குட்டி தேடுகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

மதுரவாயல் பைபாஸ் ஓரம் டீக்கடை வாசலில் வைத்து நாய்க்குட்டி “டெலிவரி” கொடுக்கும் ஒருவரிடம் நாங்கள் 17,000 ரூபாய் கொடுத்தோம். லேப்ரடார் ஆண் குட்டி. வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்து இறந்துவிட்டது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பலன் இருக்காது, அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கம் அடிக்கடி வேறு வேறு பெயரில் முளைக்கிறது. ஆனால் பேசும் பேச்சு மாறுவதில்லை. அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதே வசனங்களை வேறு யார் வாயிலிருந்து கேட்டாலும் பர்ஸை மூடி வையுங்கள்.

விளம்பரம் இது: “லேப் குட்டி, 45 நாள், ஹெவி போன் (தடித்த எலும்பு), ஃபர்ஸ்ட் டோஸ் (முதல் தடுப்பூசி) போட்டாச்சு, பேப்பரோட வேணும்னாலும் இருக்கு, பேப்பர் இல்லாமலும் இருக்கு.”

முதலில் அந்த 45 நாள். இந்தியாவில் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென்று 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது அதில் உள்ள நிபந்தனை. எட்டு வாரம் என்றால் 56 நாள். நம் ஊரில் ‘45 நாள்’ என்பது ஏதோ சாஸ்திரம் மாதிரி ஆகிவிட்டது, அதை வெளிப்படையாக விளம்பரமே செய்கிறார்கள். தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்தக் கடைசி வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்து விற்றால் விற்பவருக்குத் தீனிச் செலவு மிச்சம், வேறு யாருக்கும் லாபமில்லை.

அப்புறம் பேப்பர், அதாவது குட்டியின் வம்சாவளிப் பதிவுச் சான்றிதழ். எங்களிடம் குட்டிக்கு 12,000, பேப்பருக்குத் தனியாக 5,000 வாங்கினார். “கே.சி.ஐ. பேப்பர் ஒரு மாசத்துல கூரியர்ல வந்துரும் அக்கா” என்றார். பேப்பர் என்பது குட்டியோடு சேர்த்தும் சேர்க்காமலும் விற்கிற சாமான் இல்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா 1896-ல் தொடங்கியது, தலைமையகம் இதே சென்னையில்தான். தாய், தகப்பன் இரண்டும் அங்கே பதிவாகியிருந்தால், பிரீடர் (நாயை இனப்பெருக்கம் செய்து வளர்ப்பவர்) அந்த ஈற்றில் பிறந்த குட்டிகளை மொத்தமாகப் பதிவு செய்வார். ஒவ்வொரு குட்டிக்கும் தோலுக்கடியில் அடையாள எண் உள்ள மைக்ரோசிப் போட்டு அந்த எண்ணோடு பதிவு நடக்கும். சிப் போடாத குட்டிக்குப் பேப்பர் பின்னால் வரும் என்று யாராவது சொன்னால், வராது. இன்னொன்று, உண்மையான பேப்பராகவே இருந்தாலும் அது வம்சாவளிக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு இல்லை. லேப் இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். அக்கறையுள்ள பிரீடர் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டுவார்.

தாயைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். அதற்கு வந்த பதிலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. “வெளி ஆளுங்க வந்தா பார்வோ ஒட்டிக்கும் அக்கா, அதான் கெனலுக்குள்ள யாரையும் விடறதில்ல. நீங்களும் ஒரு தாய்தானே, புரிஞ்சுக்குங்க.” பார்வோவோடு இருந்த குட்டியை விற்றவர், அதே பார்வோவைச் சாக்குச் சொல்லித்தான் கதவைச் சாத்தினார். பதிலுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். பச்சைப் புல்தரை, பளபளவென்று ஒரு பெண் லேப், பால் குடிக்கும் குட்டிகள். பிறகு தேடிப் பார்த்தபோது அதே வீடியோ வேறு மாநிலத்துக்காரர் ஒருவரின் பக்கத்தில் முன்பே போட்டிருந்தது தெரிந்தது.

டெலிவரி அன்று அவருடைய ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை, மேலே ஈரத்துண்டு. துண்டை விலக்கினால் எங்கள் குட்டியோடு ஒரு ஷிட்சூ குட்டியும் இரண்டு பொமரேனியன் குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. “போற வழியில இதையும் குடுத்துட்டுப் போகணும்” என்றார். ஒரே கூடையில் மூன்று இனம் வைத்திருப்பவர் பிரீடர் இல்லை, தரகர். எங்கெங்கோ பிறந்த குட்டிகளை ஒரு இடத்தில் சேர்த்து, ஒன்றின் நோயை மற்றதுக்கு ஏற்றி, கூடையோடு ஊர் சுற்றுகிறார். ஏற்கெனவே கூகுள் பேயில் முழுப் பணமும் போயிருந்தது, அதுவும் வேறொரு பெண் பெயரில் இருந்த எண்ணுக்கு. பணத்தைத் திருப்பிக் கேட்டால் “புக்கிங் அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது” என்று சிரித்தார். என் மகன் அதற்குள் குட்டியைக் கையில் வாங்கிவிட்டான்.

கூடவே தடுப்பூசிப் புத்தகம் ஒன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் புத்தகத்தில் ஸ்டிக்கர் இருந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ஊசி மருந்து பெரும்பாலும் இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் உலர்ந்த மருந்து, பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோய்) இரண்டுக்குமான தடுப்பு மருந்து அதில்தான். இன்னொன்று அதைக் கலக்கும் திரவம். கால்நடை டாக்டர் இரண்டு குப்பியின் ஸ்டிக்கரையும் உரித்து ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தோடு தன் பதிவு எண்ணையும் எழுதுவார். எங்கள் புத்தகத்தில் இருந்தது திரவக் குப்பியின் ஸ்டிக்கர் மட்டும். அதன் காலாவதித் தேதி, ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதிக்கு முந்தைய மாதம். டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட் ஷாப்பின் ரப்பர் ஸ்டாம்ப்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுதிக் கொடுங்கள் என்றேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: “மூணு வேளையும் செரலாக், நடுவுல பால், டெய்லி கால்சியம் டானிக். கறி, முட்டை காட்டவே காட்டாதீங்க, வெறி ஏறிடும்.” இதோடு “இம்போர்ட்டட் ஃபீட்” என்று முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் உருண்டைத் தீனி, அதற்குத் தனியாக 600 ரூபாய். கம்பெனி பெயரில்லை, தேதியில்லை, விலையில்லை. பிரித்தால் பழைய எண்ணெய் சிக்கின வாடை.

இது ஒவ்வொன்றும் தப்பு என்று, பிறகு குட்டியைக் காட்டிய கால்நடை டாக்டர் விளக்கினார். செரலாக் மனிதக் குழந்தைக்கான மாவு, வளரும் நாய்க்குட்டிக்கு வேண்டிய புரதம் அதில் போதாது. பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும். லேப் மாதிரிப் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியத்தை இஷ்டத்துக்கு ஊற்றினால் எலும்பு பலப்படாது, வளைந்துதான் போகும். டாக்டர் சொல்லாமல் அந்த டானிக் பக்கமே போகக் கூடாது. கறி தின்றால் வெறி ஏறும் என்பதும் கட்டுக்கதை. வெறிநோய் வருவது வைரஸால், கடிபடுவதால். இந்த வயதில் குட்டிக்கென்றே தயாரித்த தீனியை வெந்நீரில் ஊறவைத்து நாளைக்கு நான்கு முறை கொடுப்பதுதான் சுலபமான வழி. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் டாக்டரிடம் அளவு கேட்டு, வேகவைத்த கோழி, முட்டை, சோறு என்று போகலாம். மிஞ்சின சாம்பார் சாதத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

பால் யோசனைக்குப் பின்னால் விற்றவருக்கு ஒரு வசதியும் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது, பேதியானால் பழியைப் பால்மேல் போடலாம். குட்டிக்கு முதலில் இளகிப் போனபோது அவரைத்தான் அழைத்தேன். “பால் கெட்டியா இருந்திருக்கும், தண்ணி கலந்து குடுங்க, நாளைக்குச் சரியாயிடும்.” அன்று சாயங்காலமே வாந்தி தொடங்கியது. இரவில் ரத்தம் கலந்த பேதி. அந்த வாடையை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டர் மேஜையில் வைத்ததும் முதலில் வாயைத் திறந்துதான் பார்த்தார். முன்பற்கள் ஈறைக் கீறிக்கொண்டு வந்த அளவில் இருந்தன, கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. “45 நாள்னா சொன்னாங்க? ஒரு மாசம் இருந்தா அதிகம்மா” என்றார். எட்டு வாரக் குட்டியின் வாயில் பால் பற்கள் எல்லாம் முளைத்திருக்குமாம். அடுத்து என் விரலைப் பிடித்து விலாவில் வைத்தார். முடிக்கு அடியில் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது, வயிறு மட்டும் பறை மாதிரி விறைப்பு. நாங்கள் கொழுகொழு என்று கொஞ்சியது முழுக்கக் குடல் பூச்சி. சிப் ஸ்கேனரை முதுகெல்லாம் ஓட்டினார், சத்தமே இல்லை. மலத்தில் எடுத்த மாதிரியைச் சோதனைக் கிட்டில் விட்டதும் இரண்டாவது கோடு பளிச்சென்று விழுந்தது, பார்வோதான்.

டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாடிக் என்று எல்லாம் செய்தார்கள். பார்வோ வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இங்கே கையில் இல்லை. உடம்பு தானே போராடும்வரை நீர்ச்சத்து போகாமல் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. தாய்ப்பால் பாதியில் நின்று, பூச்சி தின்ற அந்தச் சின்ன உடம்பில் போராட எதுவும் மிச்சம் இல்லை.

இனி ஆளின் பேச்சு மாறிய விதத்தைக் கேளுங்கள். முதலில் “தண்ணி மாத்தியிருப்பீங்க.” அப்புறம் “கறி ஏதோ குடுத்திருக்கீங்க, நான்தான் சொன்னேனே.” டாக்டர் சான்றிதழை அனுப்பியதும் குரல் இறங்கியது: “சரி விடுங்க அக்கா, வேற குட்டி தரேன். டெலிவரி சார்ஜ் மட்டும் போடுங்க.” இந்த மாற்றுக் குட்டி வாக்குறுதிதான் எல்லாவற்றிலும் மோசம். பார்வோ வைரஸ் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது. மலத்தைச் சுத்தமாகக் கழுவி எடுத்தபின், ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடமாவது விட வேண்டும். தோட்ட மண்ணில் அதுவும் பலிக்காது. அந்த வீட்டுக்குள் தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று தினமும் குட்டி விற்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கேட்கிறார், டெலிவரி சார்ஜும் சேர்த்து.

நோய் எங்களிடம் வந்து ஒட்டியது என்ற வாதமும் நிற்காது. பார்வோ தொற்றிய பிறகு அறிகுறி தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம் வரைகூட இழுக்கும். எங்கள் குட்டிக்கு வந்த மறுநாளே இளகத் தொடங்கியது. தொற்று விற்பனைக்கு முந்தையது என்று டாக்டர் சான்றிதழிலேயே எழுதிக் கொடுத்தார். குட்டி இறந்தால் துக்கத்தில் இதைக் கேட்டு வாங்க மறந்துவிடுவோம், ஆனால் புகாருக்கு முதுகெலும்பே இந்தக் காகிதம்தான்.

என் அலுவலகத் தோழி கோயம்புத்தூரில் ஒருவரிடம் லேப் வாங்கினாள். அவரிடம் இவள் கேட்ட கேள்வியைவிட இவளிடம் அவர் கேட்டது அதிகம்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், மாடி வீடா, முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாராம், விதிப்படி அப்படித்தான் வைக்க வேண்டும். தாய் நாய் முன்னறையிலேயே படுத்திருந்தது. அதற்கு வயது என்ன, எத்தனையாவது ஈற்று என்று கேட்டால் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அதே 2017 விதிகளின்படி 18 மாதத்துக்கு முன்போ எட்டு வயதுக்குப் பிறகோ ஈன வைக்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துதான். குட்டியோடு தீனி விவரம், ஊசித் தேதி, பூச்சி மருந்துத் தேதி, பார்த்த டாக்டரின் பெயர், முகவரி எல்லாம் எழுத்தில் வந்தன. அது அவருடைய பெருந்தன்மை இல்லை, 2017 விதிகள் விற்பவர்மேல் வைத்திருக்கும் கடமை. “வளர்க்க முடியலேன்னா ரோட்டுல விடாதீங்க, என்கிட்டயே கொண்டு வாங்க” என்றது மட்டும் அவர் மனசு.

நாட்டு நாய் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் இதே தரகர்கள் இருக்கிறார்கள். ராஜபாளையம் குட்டி என்றால் கூடுதலாக ஒன்று பாருங்கள்: தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவதுண்டு. குட்டி திரும்பி நிற்கும்போது பின்னால் கை தட்டிப் பாருங்கள்.

இந்த ஆளிடமோ இதே மாதிரி வேறு ஆளிடமோ ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் அரட்டையை அழிக்க வேண்டாம். பணம் போன எண்ணின் ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய வீடியோ, வாய்ஸ் மெசேஜ், ஊசிப் புத்தகத்தின் படம், டாக்டர் சான்றிதழ், மருத்துவ பில் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. வாரியத்தில் பதிவில்லாமல் குட்டி விற்பதைப் பற்றி மாநில விலங்குகள் நல வாரியத்துக்குத் தனியாக எழுதுங்கள். கூடையில் இருந்த அந்த ஷிட்சூ, பொமரேனியன் குட்டிகளை வாங்கியவர்கள் இதைப் படித்தால் உடனே டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுத்தால் ஆணையத்தில் கனம் கூடும்.