நீண்ட ஓட்டத்துக்கு எண்ணூர் சாலையா, பூங்காச் சுற்றா?

மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகிறவர்களுக்கு வாரம் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும், 28, 30 என்று ஏறும்போது வடசென்னையில் எங்கே ஓடுவது என்பதுதான் பிரச்சினை.

காசிமேட்டிலிருந்து கடலோரமாக எண்ணூர் வரை போய்த் திரும்பினாலே 20 கிலோமீட்டருக்குக் குறையாது, நேர்ச் சாலை, திருவொற்றியூர் தாண்டும்போது வலப்பக்கம் விடிகிறது, வேகத்தை ஒரே சீராகப் பிடிக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்! எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள், பளிச்சென்ற சட்டை போடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். நிழலும் கிடையாது, ஏழு மணிக்கு மேல் வெயிலும் உப்புக்காற்றின் புழுக்கமும் சேர்ந்து நாடித்துடிப்பை ஏற்றிவிடும், அப்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரி இடத்தில் சுற்றினால் லாரி பயமில்லை, தண்ணீர் பாட்டிலை ஓரமாக வைத்துவிடலாம். அலுப்புதான். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி கணுக்கால் வலிக்கும், அதனால் அவ்வப்போது திசையை மாற்றுங்கள் (நடக்க வரும் பெரியவர்கள் முறைப்பார்கள், சரி).

என்னைக் கேட்டால் 16 கிலோமீட்டர் வரை பூங்கா, அதற்கு மேல் ஞாயிறு அதிகாலை எண்ணூர் சாலை, அதுவும் துணையோடு.