பழைய வீட்டுக் கேசட்டுகளை டிவிடிக்கு மாற்றுகையில் சப்டைட்டில்: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு விஎச்எஸ், வீடியோ8 கேசட்டுகள் பதினேழையும் ஆறு ஆண்டுகளில் டிவிடிக்கு மாற்றி முடித்தேன். படத்தைக் கணினிக்குள் ஏற்றியதைவிட அதிக நேரத்தை விழுங்கியது சப்டைட்டில்தான். 1994ஆம் ஆண்டுக் கல்யாணக் கேசட்டில் நாதஸ்வரத்துக்கு அடியில் பாட்டி பேசுவது பாதிதான் கேட்கும். வெளிநாட்டில் வளர்ந்த அக்கா பிள்ளைகளுக்கு அந்தப் பாதியும் புரியாது. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கேசட்டுகள் பலவற்றில் திரையில் தெரியாத 21ஆவது வீடியோ வரியில் வசனம் மறைந்திருக்கும். நம் வீட்டுக் கேசட்டில் அதற்கு ஏது வழி, எல்லாம் காதால் கேட்டு எழுதியதுதான். டிவிடியில் 32 சப்டைட்டில் தடங்கள் வரை வைக்கலாம் என்பதால், எழுத்தைப் படத்தின் மேல் நிரந்தரமாகப் பதிக்காமல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனித் தடம் வைத்தேன்.

டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாகவே இருக்கிறது என்பது முதல் தட்டு வீணான பிறகே எனக்கு உறைத்தது. வசனத்தையும் அது வர வேண்டிய நேரத்தையும் எழுத்தாக வைத்திருக்கும் எஸ்ஆர்டி கோப்பை வாங்கித் தானே படமாக்கிக்கொண்ட ஒரு மென்பொருள், ‘பெண்ணை அழைச்சுட்டு வாங்க’ என்ற வரியில் ஒற்றைக் கொம்பைப் பகரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. அதன் பிறகு ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் தட்டச்சு செய்து, அங்கிருந்தே வோப்சப் என்ற படவடிவ சப்டைட்டிலாக எடுக்கிறேன். கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. ஆனால் ஒரு வரிக்கு நான்கு நிறங்களே உண்டு, அவற்றிலும் ஒன்று பின்னணிக்குப் போய்விடும் என்பதால் எழுத்தின் ஓரம் வழவழப்பாக வராது. எழுத்துச் சிறுத்தால் ‘ணை’யின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய எழுத்துரு, பெரிய அளவு, வரிக்கு நான்கைந்து சொற்கள் என்பதே எனக்குக் கைகொடுத்தது.

நான் செய்த பெரிய தவறு, அவசரப்பட்டு, கணினிக்குள் ஏற்றிய முதல் பதிவுக்கே வசனங்களின் நேரத்தைக் குறித்தது. பின்னர், நாடாவிலிருந்து வரும் ஆட்டமான சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைத்து அதே கேசட்டை மறுபடி ஏற்றியபோதுதான், முதல் பதிவில் 75 பிரேம்கள் விடுபட்டிருந்தது தெரிந்தது. நொடிக்கு 25 பிரேம் கணக்கில் அது 3 நொடி. கேசட்டின் முடிவில் பாட்டி வாயைத் திறக்கும் முன்பே வசனம் வந்து போய்விட்டது. நாடா நைந்த இடங்களில் மட்டும் பிரேம்கள் கொத்தாக விழுந்திருந்ததால், மொத்த நேரத்தையும் சீராக இழுத்துச் சரிசெய்ய முடியாமல், ஒவ்வொரு முறிவுக்கும் பின் வந்த வரிகளைத் தனித்தனியாக நகர்த்த வேண்டியிருந்தது. படத்தை வெட்டி ஒட்டி முடிக்கும் வரை இப்போது ஒரு வரியும் தட்டச்சு செய்வதில்லை.

இடம் வைப்பதும் லேசான வேலையில்லை. விஎச்எஸ் படத்தின் அடிவிளிம்பில் நெளியும் கோடுகளைக் கருப்புப் பட்டையால் மூடிவிட்டு, அதற்குச் சற்று மேலே வசனத்தை வைக்கிறேன். வீடியோ8 கேசட்டுகளில் கேமரா பதித்த தேதி கீழ் மூலையில் நிற்பதால், அது தெரியும் காட்சிகளில் மட்டும் வசனம் மேலே ஏறும்.

வீட்டில் இப்போது தட்டைவிடப் பென்டிரைவே புழங்குகிறது. புதிய டிவியில் எஸ்ஆர்டி தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், அதே வோப்சப் கோப்புகளை படத்தோடு எம்கேவி என்ற வீடியோ கோப்பில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். தமிழ் ஒழுங்காக வருகிறது.