பழைய பான்டியாக் வாங்குமுன் பிஎச்எஸ் காகிதம்: என் அனுபவம்

ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) பான்டியாக் பிராண்டில் வந்த 1965 ஜிடிஓ கார் ஒன்றைத் தேடி இரண்டு வருடம் அலைந்தேன். அந்த இரண்டு வருடத்தில் பெட்ரோல், விடுதி, ஏலக் கட்டணம் என்று நிறைய செலவானது. அதில் ஒரு டாலர்கூட வீணாகாத செலவு, பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற பிஎச்எஸ்ஸுக்குக் கட்டியதுதான். நான் கட்டியபோது நூறு டாலருக்குள் முடிந்தது. அமெரிக்காவில் பழைய மஸில் கார் (பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்) மேல் ஆசை வைத்திருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அவர்கள் செய்யும் வேலை இதுதான்: காரின் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலை கொடுக்கும் தனி அடையாள எண்ணைக் கொடுத்தால், அந்தக் கார் ஆலையை விட்டு டீலரிடம் போனபோது பான்டியாக் கம்பெனி போட்ட பில்லின் நகலை எடுத்து அனுப்புகிறார்கள். 1961 மாடலில் தொடங்கும் பதிவுகள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. பான்டியாக் பிராண்டை மூடப்போவதாக ஜிஎம் 2009இல் அறிவித்துவிட்டது. பிராண்டு போய்விட்டது, பில் இருக்கிறது. அதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது.

இந்தக் காகிதம் வேறு எந்தக் காரையும்விட 1964, 1965 ஜிடிஓவுக்கு ஏன் உயிர்நாடி என்று சொல்ல வேண்டும். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று அப்போது ஜிஎம்மில் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும், அவரோடு பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற பொறியாளர்களும் அந்தச் சின்ன உடம்புக்குள் 389 கன அங்குல இன்ஜினை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காரில் ஏற்கெனவே வந்த 326 இன்ஜினுக்கும் 389க்கும் வெளி அளவு ஒன்றுதான், அப்படியே உட்கார்ந்துவிட்டது. தனி மாடலாகக் கொண்டுவந்தால் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். அதனால் பான்டியாக்கின் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் காருக்கு ஒரு கூடுதல் ஆப்ஷனாக, 295 டாலர் 90 சென்ட் விலை வைத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்தது, முதல் வருடமே 32,450 போனது. 1965இல் 75,352.

விதியைத் தாண்டுவதற்குச் செய்த அந்த ஏற்பாடுதான் இன்று வாங்குபவன் தலையில் விடிகிறது. ஆப்ஷன் என்பதால் வின் எண்ணில் ஜிடிஓ என்று எங்கும் வராது. 1965இல் சாதாரண லெமான்ஸும் 237 என்றுதான் தொடங்கும், ஜிடிஓவும் 237 என்றுதான் தொடங்கும். 1966இல்தான் ஜிடிஓ தனி வரிசையாகி 242 என்ற எண் வந்தது. ஆகவே 1965 காரின் கதவுத் தூணில் இருக்கும் தகட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது ஜிடிஓவா இல்லையா என்று தெரியாது. ஜிடிஓ என்ற மூன்று எழுத்தே ஃபெராரியிடமிருந்து எடுத்தது. அதில் கடைசிச் சொல்லுக்கு இத்தாலியில் ‘முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது’ என்று பொருள். அப்படிப்பட்ட பெயர் வைத்த காருக்குத் தகட்டில் அங்கீகாரம் இல்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். அப்பா கணபதியில் சின்ன ஃபவுண்டரி வைத்திருந்தார், பம்புசெட்டுக்கு வார்ப்பு போடும் பட்டறை. நானும் வார்ப்புத் துறையிலேயே படித்து, மிச்சிகனுக்கு வந்து இருபத்து சொச்சம் வருடமாகிறது. ஆகஸ்டு மாதம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசையாகப் போவதை முதல் முறை பார்த்த அன்று, மேலும் கீழுமாக அடுக்கிய விளக்குகளோடு ஒரு 1965 ஜிடிஓ மெதுவாக நகர்ந்து போனது. அப்போது பிடித்தது.

முதலில் பார்த்த கார் ஒஹாயோவில் இருந்தது. சிவப்பு, நான்கு கியர், மூன்று கார்புரேட்டர் வைத்த ட்ரை-பவர். அந்த வருடம் ட்ரை-பவரோடு வந்தவை 20,547தான், அதனால் விலையும் எகிறியிருந்தது. விற்பவர், “எங்கப்பா புதுசா வாங்கினது, இதைப் போல ஒன்று இனிமேல் கிடைக்காது” என்றார். பானட்டில் ஸ்கூப், க்ரில்லில் எழுத்து, ஃபெண்டரில் ‘6.5 லிட்டர்’ என்ற சின்னம், எல்லாம் இருந்தன. (389 கன அங்குலத்தைக் கணக்குப் போட்டால் 6.4 லிட்டர்கூட முழுதாக வராது. அசல் சின்னமே கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது.) குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பிளாக் உண்மையான 389. பிஎச்எஸ் காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். “வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, காரைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்றார்.

எனக்குத் தெரியத்தான் செய்தது என்று நினைத்தேன். முன்பணம் கொடுக்கும் மனநிலையில் வீட்டுக்கு வந்தேன். மனைவிதான் நிறுத்தினாள். “ஏனுங்க, ஊர்ல அஞ்சு சென்ட் நிலம் வாங்கறதுன்னாக்கூட வில்லங்கம் போட்டுப் பாக்காம வாங்குவீங்களா?” என்றாள். அன்றிரவே செல்போனில் எடுத்திருந்த தகட்டின் படத்தைப் பார்த்து எண்ணை எழுதி அனுப்பிவிட்டேன். காரின் சொந்தக்காரர்தான் கேட்க வேண்டும் என்றில்லை, எண் இருந்தால் யாரும் கேட்கலாம். வாங்குபவனுக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது.

சில நாட்களில் வந்தது. ஒரு கடிதம், ஆப்ஷன் குறியீடுகளைப் படிக்க உதவும் தாள்கள், நடுவில் அந்த பில்லின் நகல். 1965 காரென்றால் அதில் 382 என்ற குறியீடு இருக்க வேண்டும், அதுதான் ஜிடிஓ ஆப்ஷன். மேலிருந்து கீழாக விரலை வைத்துத் தேடினேன். ரேடியோ இருந்தது, பவர் ஸ்டியரிங் இருந்தது, 382 இல்லை. அந்தக் கார் 326 இன்ஜினோடும் ஆட்டோமேட்டிக் கியரோடும் பிறந்த லெமான்ஸ். பெரிய பான்டியாக் கார்களில் 389 ஏராளமாக வந்தது. அதில் ஒன்றை எடுத்து யாரோ மாற்றியிருக்கிறார்கள். மற்ற சின்னங்கள், ஸ்கூப் எல்லாம் புதிதாகச் செய்தே கடையில் விற்கிறார்கள்.

விற்பவரிடம் சொன்னேன். பிஎச்எஸ் ஆட்கள் தப்பான பில்லை எடுத்திருப்பார்கள் என்று கோபப்பட்டுப் போனை வைத்துவிட்டார். அவரே ஏமாந்தவராகவும் இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் அதே காரை லெமான்ஸ் என்று சொல்லி, 389 மாற்றியது என்று சொல்லி நியாயமான விலை வைத்திருந்தால் நான் யோசித்திருப்பேன். லெமான்ஸ் நல்ல கார். அதை ஜிடிஓ என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது குறைகள். நகல் மைக்ரோஃபிலிமிலிருந்து வருவதால் எழுத்து மங்கல். என் காகிதத்தில் இரண்டு குறியீடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். பில் டீலர் பேரில் இருக்கும், முதலில் வாங்கியவர் யார் என்று அதில் இருக்காது. “எங்கப்பா புதுசா வாங்கினது” என்ற பேச்சுக்கு இதில் சாட்சி கிடையாது.

இவை பெரிய விஷயமில்லை. உண்மையிலேயே மனதில் வைக்க வேண்டியது இது: அந்தக் காகிதம் ஓர் எண்ணைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் முன்னால் நிற்கும் இரும்பைப் பற்றி அல்ல. நல்ல ஜிடிஓவின் எண் தகட்டைப் பிடுங்கி லெமான்ஸ் உடம்பில் அடித்தால், பிஎச்எஸ் அந்த எண்ணுக்கு 382 என்றுதான் காட்டும். அதனால் தகட்டைச் சுற்றி ஏதாவது நோண்டிய தடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்தது, விற்பவர் காட்டும் நகலை நம்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நாமே விண்ணப்பம் போட்டு வில்லங்கச் சான்று எடுப்பது மாதிரி, இதையும் நீங்களே பணம் கட்டி எடுங்கள். நகலில் ஒரு வரியைச் சேர்ப்பது இந்தக் காலத்தில் ஐந்து நிமிட வேலை.

ஓர் வருடம் கழித்து, தெற்கு மிச்சிகனில் ஒரு பாட்டியம்மா வீட்டில் இன்னொரு 1965 கிடைத்தது. அவர் கணவர் ஓட்டியது. மங்கிப்போன சிவப்பு, சீட் கிழிந்திருந்தது, ஆட்டோமேட்டிக், ட்ரை-பவர் இல்லை. இதைக் கண்டுகொள்ள ஆளில்லாமல் பல மாதம் கிடந்திருக்கிறது. இந்த முறை காரைப் பார்க்கப் போகும் முன்பே எண்ணைப் போனில் வாங்கிக் காகிதம் எடுத்துவிட்டேன். 382 தெளிவாக இருந்தது. நான்கு பேரல் கார்புரேட்டர், 335 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக். பெயிண்ட் மட்டும் சிவப்பு இல்லை, டீல் டர்கைஸ்.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். இந்த இடத்தில் அப்பாவின் பட்டறை கைகொடுத்தது. பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்தில், வார்த்த தேதி பொறித்திருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, நாள், வருடத்தின் கடைசி இலக்கம். துணியால் துடைத்தால் மணல் அச்சின் சொரசொரப்போடு எழுந்து நிற்கும். பிறகு அரத்தால் ராவி வெட்டிய எழுத்து எப்படி இருக்கும், அச்சிலேயே விழுந்த எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பிளாக்கின் தேதி, பில்லில் இருந்த தேதிக்குச் சில வாரம் முந்தியது. முன்பக்கம் வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஒய்எஸ் என்று இரண்டு எழுத்து, அந்த வருடம் நான்கு பேரல் ஆட்டோமேட்டிக் ஜிடிஓவுக்குரிய குறியீடு. அப்புறம் டிக்கியின் பாயைத் தூக்கினேன். ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு நீலமும் பச்சையும் கலந்த பழைய பெயிண்ட். பாட்டியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து சிவப்பாகவே பார்த்திருக்கிறார், கொஞ்ச நேரம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். காகிதத்துக்கு ஒரு நகல் அவருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அபூர்வம் என்ற பேச்சுக்கும் வந்துவிடுகிறேன், கார் கண்காட்சிகளில் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் கசந்திருக்கிறது. 1971 ஜிடிஓ ஜட்ஜ் மொத்தமே 374, அதில் கன்வெர்டிபிள் 17. அது அபூர்வம். ஜட்ஜும் வின் எண்ணில் தெரியாத ஆப்ஷன்தான், அதற்கும் பிஎச்எஸ்ஸை விட்டால் வழியில்லை. ஆனால் “இந்தக் கலர், இந்த சீட், கடிகாரம் இல்லாமல், உலகத்திலேயே ஒன்றுதான்” என்று அட்டை எழுதி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாக் காரும் ஒன்றுதான். பிஎச்எஸ் பில்லில் எத்தனை செய்தார்கள் என்ற எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1967 மாடலிலிருந்து கம்பெனியின் கணினிப் பதிவை வைத்து மார்ட்டி ரிப்போர்ட் வருகிறது, அதில் எண்ணியே சொல்வார்கள். செவ்ரோலேக்கு அமெரிக்காவில் இப்படி எதுவும் இல்லை. 1969 செவெல் எஸ்எஸ் வாங்குபவர்கள் பெட்ரோல் டாங்கின் மேலும் சீட் ஸ்பிரிங்கிலும் பழைய பில்ட் ஷீட் (ஆலையில் அந்தக் காருக்கு என்னென்ன பூட்ட வேண்டும் என்று அச்சிட்ட தாள்) ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். க்ரைஸ்லர் பரவாயில்லை, 1970இல் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் 426 ஹெமி இன்ஜின், எண்ணே சொல்லிவிடும்.

சரி, என் கார். வாங்கியதிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாரும் ட்ரை-பவர் மாட்டச் சொல்கிறார்கள். மூன்று ராச்செஸ்டர் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் முழு செட்டாகவே கிடைக்கிறது, ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடலாம். பில்லில் நான்கு பேரல் என்று இருக்கிறது. அதற்கு உரிய கார்ட்டர் ஏஎஃப்பி கார்புரேட்டர் காரிலேயே இருக்கிறது, துருவும் பிசுக்குமாக. அதைத்தான் கழற்றி, பேஸ்மென்ட் மேசையில் செய்தித்தாள் விரித்து, ஜெட் ஜெட்டாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். மே மாதத்துக்குள் ஸ்டார்ட் ஆகிவிடும்.