பின்வரிசை நான்கு பிளக்கும் முன்சீட்டுக்கு அடியில் ஒரு டேங்கும்

நேற்று சாயங்காலம் பட்டறையிலிருந்து என் ஹோண்டா ஜாஸ் காரை எடுத்து வந்தேன். எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் எட்டு ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. எட்டு என்று எழுதும்போதே கோபம் வருகிறது. இத்தனை வருஷமாக நான்கு மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தன என்பது போன வாரம்தான் தெரிந்தது.

அதே வாரத்தில் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஜாஸ் வாங்கலாம்னு இருக்கேன். புதுசா, பழசா? பழசுன்னா எந்தத் தலைமுறை?" போனில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே பிளக் கதைக்குப் போய்விட்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஹோண்டா ஜாஸ். சில நாடுகளில் இதற்கு ஃபிட் என்று பெயர். 1.3 லிட்டர், கையால் கியர் போடும் வண்டி. செகண்ட் ஹேண்டாக வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அக்கா வீட்டில் இரண்டாம் தலைமுறை நெடுநாள் இருந்தது, இப்போது நான்காம் தலைமுறை ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) நிற்கிறது. மூன்றாவதை ஒரு மாதம் முழுக்க ஓட்டும் வாய்ப்பு கிடைத்தது. நான்கையும் ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் டேங்க். வழக்கமாகச் சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். இந்தக் காரில் அதைத் தட்டையாக்கி முன்சீட்டுகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 2001-ல் முதல் தலைமுறை வந்தபோது செய்த ஏற்பாடு இது, நான்கு தலைமுறையாக மாறவில்லை. டேங்க் முன்னால் போனதால் பின்சீட்டுக்குக் கீழே வெற்றிடம் கிடைக்கிறது. பின்சீட்டின் முதுகை முன்பக்கம் சாய்த்தால் உட்காரும் பகுதியும் சேர்ந்து கீழே இறங்கி, டிக்கியிலிருந்து முன்சீட்டு வரை ஒரே தரையாகிவிடும். உட்காரும் பகுதியை மட்டும் தியேட்டர் சீட் மாதிரி மேலே மடித்து நிறுத்தினால், காரின் நடுவில் தரையிலிருந்து கூரை வரை சுமார் நாலடி உயரத்துக்கு ஒரு அலமாரி கிடைக்கும்.

வாங்கிய முதல் இரண்டு வருஷம் இந்த வசதியை நான் தொட்டதே இல்லை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்த பிறகுதான் அருமை தெரிந்தது. மடித்த சக்கர நாற்காலி கனம் என்பதைவிட, பிடிக்கச் சிரமமான பொருள். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சக்கரம் சுழலும். டிக்கியில் ஏற்ற வேண்டுமானால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, விளிம்பைத் தாண்டி, படுக்கவைத்து இறக்க வேண்டும். இந்தக் காரில் பின்கதவைத் திறக்கிறேன், சீட்டுக்கு அடியில் இருக்கும் காலை மடக்கி, உட்காரும் பகுதியைப் பின்னால் தள்ளுகிறேன், 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. நாற்காலியின் முன்சக்கரத்தை வாசற்படியில் ஏற்றி, பின்சக்கரத்தைக் காலால் ஒரு தள்ளு. நின்ற வாக்கில் உள்ளே போய்விடும். அம்மா முன்சீட்டில் பெல்ட் போட்டு முடிப்பதற்குள் நான் கதவைச் சாத்திவிடுவேன். மழை நாளில் இந்த அரை நிமிஷத்தின் மதிப்பு, நாற்காலி தூக்கியவர்களுக்குத்தான் புரியும்.

அக்காவின் புதுக் காரிலும் இதே சீட்தான். ஹைப்ரிட் பேட்டரியும் உண்டு, மோட்டார்களும் உண்டு, ஆனாலும் சீட் மேலே மடிகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். 2002-ல் ஜப்பானில் அதிகம் விற்ற காராகி, 33 வருஷம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த டொயோட்டா கரோலாவை இந்தச் சின்ன வண்டி இறக்கியது. எத்தனையோ காரணம் இருக்கும், என்னைக் கேட்டால் டேங்க்கைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, பிளக் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் தலைமுறையின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். காற்று உள்ளே வரும் பக்கம் ஒன்று, புகை வெளியேறும் பக்கம் ஒன்று. இரண்டும் எப்போதும் ஒரே கணத்தில் பொறி விடுவதில்லை. எஞ்சின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப இடைவெளி மாறும். கலவை இரண்டு முனையிலிருந்தும் எரிவதால் வேகமாகவும் முழுசாகவும் எரிகிறது. குறைந்த சுற்றிலேயே இழுவை, நல்ல மைலேஜ். ஏசி போட்டுக்கொண்டே மூன்றாம் கியரில் மேடு ஏறும்போது இந்த எஞ்சின் முக்குவதில்லை. பெரிய சக்தி ஒன்றும் கிடையாது, இருக்கும் சக்தி தேவைப்படும் இடத்தில் கிடைக்கிறது.

நான்கு சிலிண்டர், ஆக எட்டு பிளக். முன்வரிசை நான்கும் பானெட்டைத் திறந்தவுடன் கைக்கு எட்டும். பின்வரிசை நான்கும் எஞ்சினுக்கும் உட்சுவருக்கும் நடுவில் ஒளிந்திருக்கின்றன. வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால்தான் கை தாராளமாகப் போகும். நேரம் பிடிக்கிற வேலை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் செய்யாமல் விட்டுவிட்டு, செய்ததாக பில் போடலாமா?

எனக்கு நடந்தது அதுதான். நான் வழக்கமாக விடும் பட்டறையில் மூன்று முறை பிளக் மாற்றியிருக்கிறார்கள். பில்லில் "ஸ்பார்க் பிளக் மாற்றம்" என்றுதான் இருக்கும், எத்தனை என்று இருக்காது. நானும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷமாக சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான உதறல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு தயக்கம். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதிமூன்றுக்கு இறங்கியது. ஒருவர் எஞ்சின் மவுண்ட் என்றார். மாற்றினேன். இன்னொருவர் த்ராட்டில் அழுக்கு என்றார், சுத்தம் செய்தேன். "வயசான வண்டி சார், இவ்வளவுதான் இருக்கும்" என்று ஒருவர் சொன்னதை ஆறு மாதம் நம்பியும் இருந்தேன்.

போன வாரம் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் எஞ்சின் சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "பின்னாடி நாலும் எப்போ மாத்துனீங்க?" என்றார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒன்று இறுகிப்போய் வரவே இல்லை. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, கால் திருப்பு முன்னால் கால் திருப்பு பின்னால் என்று அரைமணி நேரம் போராடித்தான் எடுத்தார். துணியில் வரிசையாக வைத்தார். முன்வரிசை பிளக் சாம்பல் நிறத்தில் கூர்மையாக இருந்தது. பின்வரிசை பிளக்கின் நடுமுனை தேய்ந்து உருண்டு, இடைவெளி முன்னதைப்போல இரண்டு மடங்காகத் தெரிந்தது. பீங்கானில் செம்பழுப்புக் கறை, மரைகளில் துரு. என் கைக்கு வந்த பிறகு அந்த நான்கும் ஒருமுறைகூட வெளியே வந்ததில்லை. அதற்கு முன்னாலும் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் ஒரு வேதனை உண்டு. சிலிண்டருக்கு ஒரு பிளக் மட்டும் இருந்திருந்தால் வண்டி அன்றைக்கே நின்றிருக்கும், உண்மையும் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு இருந்ததால் ஒன்று நொண்டும்போது மற்றது பாரத்தைச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறது. நல்ல எஞ்சின் என்பதாலேயே அந்தப் பட்டறையின் ஏமாற்று இத்தனை காலம் மறைந்திருந்தது. மாற்றிய பிறகு உதறல் சுத்தமாக நின்றுவிட்டது. சிக்னலில் ஒருமுறை எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று மீட்டரைப் பார்த்தேன்.

இனி நண்பனின் கேள்வி.

செகண்ட் ஹேண்டில் பார்ப்பதானால், முதல் இரண்டு தலைமுறை எதுவானாலும் ஏர்பேக்கைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டரில் (பையை ஊதும் பாகம்) குறை இருந்ததால், வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றிய ரீகாலில் இந்தக் கார்கள் பல நாடுகளில் சிக்கியவை. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது உலோக உறையையே உடைத்துச் சில்லுகளாகத் தெறிக்கவைக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மாற்றியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். மாற்றவில்லை என்றால் அந்த வேலை முடியும்வரை வண்டியைத் தொடாதே என்று அவனிடம் சொன்னேன். பெயின்டும் டயரும் அப்புறம்.

முதல் தலைமுறை ஆட்டோமேட்டிக்கில் பல நாடுகளில் இருப்பது சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் பெட்டி. நின்ற இடத்திலிருந்து நகரும்போது அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் அதில் கிடையாது, எண்ணெயில் மூழ்கிய ஒரு கிளட்ச்தான் வண்டியை நகர்த்துகிறது. எண்ணெய் பழசானாலோ தப்பான எண்ணெய் ஊற்றியிருந்தாலோ அந்தக் கிளட்ச் நடுங்கும். அதற்கென்று சொல்லப்பட்ட எண்ணெயை மாற்றினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் செலவு பெரிது.

இரண்டாம் தலைமுறை 2007-ல் வந்தது. எஞ்சின் ஐ-விடெக் ஆனது, சிலிண்டருக்கு நான்கு வால்வு, பிளக் மொத்தமே நான்கு, எல்லாம் மேலேயே. இதைப் படிப்பவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும். ஐரோப்பாவில் விற்ற ஐ-ஷிஃப்ட் கியர்பாக்ஸை மட்டும் தவிர்த்துவிடலாம். கிளட்சையும் கியரையும் தானே மாற்றும் அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தலையாட்டல் உண்டு. 2011-ல் ஹோண்டாவே அதை எடுத்துவிட்டு அங்கே சிவிடியைக் கொடுத்தது. அக்கா வைத்திருந்தது கை கியர். எண்ணெய், பிரேக், டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிபார்ப்பு தவிர வேறு எதற்கும் பட்டறைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

2013-ல் வந்த மூன்றாவது, இடவசதியில் இவற்றிலேயே தாராளம். பின்சீட்டில் உயரமானவர்கள் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். ஆனால் சில வகைகளில் ஏசிக்கு வழவழப்பான தொடுபலகை வைத்தார்கள். ஓட்டிய ஒரு மாதமும் ஏசியைக் கூட்டக் குறைக்கச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்தத் தலைமுறையின் முதல் ஹைப்ரிட்கள். ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி உள்ள அவை ஜப்பானில் வந்து ஓராண்டு சொச்சத்தில் ஐந்து ரீகால் கண்டன. நிறுவனத் தலைவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. ரீகால் வேலைகள் முடிந்ததற்கு ஆதாரம் இல்லாத வண்டியை நான் வாங்கமாட்டேன்.

2020-ல் வந்த நான்காவதில் ஏசிக்குத் திருகு குமிழ் திரும்பி வந்துவிட்டது. தொடுபலகை கைக்கு வசப்படவில்லை என்று ஓட்டியவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் மாற்றினார்கள். முன்கண்ணாடித் தூணையும் மெலிதாக்கி, மோதலின் பாரத்தை அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது தூணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வளைவில் திரும்பும்போது குறுக்கே நடப்பவர் தூணுக்குப் பின்னால் மறைவதில்லை. என் பழைய காரில் அந்த இடத்தில் தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தே திரும்புவேன். இதன் ஹைப்ரிடில் ஊருக்குள் பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தை ஓட்டுகிறது, எஞ்சின் மின்சாரம் தயாரிக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் நேராகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்கிறது. அந்தச் சேர்க்கை எப்போது நடந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

நான்கு தலைமுறைக்கும் பொதுவாக ஒரு குறை. டேங்க் கீழே இருப்பதால் முன்சீட்டை ஓரளவுக்கு மேல் தாழ்த்த முடியாது. நீளக்கால்காரர்கள் வாங்குவதற்கு முன் அரைமணி நேரமாவது உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். குட்டிக் குட்டிப் பள்ளங்களில் பின்பக்கம் தூக்கிப்போடும். நான் பழகிவிட்டேன், அம்மா பழகவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்போ ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்தான் உனக்குப் பிடிச்சது. அதையே தேடட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்றேன். அந்த எஞ்சினைப்போல இன்னொன்று எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் அதைப் புரிந்து பார்த்துக்கொள்ளும் கைகள் குறைந்துவிட்டன. எட்டு பிளக் என்று தெரியாதவர்களும், தெரிந்தும் நான்கோடு நிறுத்துகிறவர்களும்தான் அதிகம். பக்கத்தில் நின்று எண்ணிப் பார்க்கப் பொறுமை இருந்தால் வாங்கு, இல்லையென்றால் கை கியர் உள்ள இரண்டாம் தலைமுறையைத் தேடு, கையில் பணம் இருந்தால் நான்காவதற்குப் போ என்றேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்றைக்கு இதுதான் என் பதில்.

"அப்ப உன்னுடையதை எனக்குக் கொடுத்துடு" என்றான். கொடுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

சர்வீஸ் புத்தகத்தில் இந்த முறை நானே எழுதி வைத்திருக்கிறேன்: முன் 4, பின் 4, தேதி, ஓடிய கிலோமீட்டர். பெரியவரிடம் அதன் கீழே கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.