துரு நீக்கும் திரவம்: ஸ்பேனருக்குச் சரி, ஃபோர்க் குழாய்க்கு?

அமிலம் கலக்காத துரு நீக்கியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் பழைய ஸ்பேனரையோ போல்ட்டையோ ஊறவைத்தவர்கள். அவற்றில் துரு போனால் வேலை முடிந்தது. நான் ஊறவைத்தது மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள். அங்கே துரு போவது பாதி வேலைதான்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். இந்தத் திரவம் துருவைப் பிடித்துக் கரைக்கிறது. நல்ல குரோம் பூச்சைத் தொடுவதில்லை. நெடி இல்லை. கழிப்பறை கழுவும் அமிலமே போதும் என்று யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு குரோமையும் சேர்த்து உரித்துவிடும்.

நீளமான குழாயை மூழ்கடிக்க நிறையத் திரவம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். சற்றே அகலமான பிவிசி பைப்பின் ஒரு முனையை அடைத்து, அதற்குள் குழாயை நிறுத்தினால் கொஞ்சமே போதும். பிசுக்கை முன்பே துடைத்துவிடுங்கள். பாதி மூழ்கியபடி விட்டால் திரவ மட்டத்தில் கறைக்கோடு விழும். ஓர் இரவு ஊறவிட்டு எடுத்துக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவினேன். தாமதித்தால் வெறும் எஃகு மறுபடியும் பழுப்பேறத் தொடங்கிவிடும்.

இனி, லேபிள் சொல்லாத கதை. துரு போன இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செம்புள்ளி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் குழி. அதன் ஓரத்தில் குரோம், வறண்ட குளத்துச் சேற்றுப் பாளம்போல் மேல்நோக்கிக் கிளம்பி நின்றது. அடியில் எஃகு துருப்பிடித்துப் பருக்கும்போது மேலிருக்கும் குரோமைத் தூக்கிவிடுகிறது. நகத்தை ஓட்டினால் தடுக்கியது. ஃபோர்க்குக்குள் இருக்கும் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதட்டைக் கிழிப்பது இந்த விளிம்புதான். எந்தத் திரவமும் அதைக் கீழே படுக்க வைக்காது.

குழி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். குழாயின் மேல்முனையைப் பிடிக்கும் கவ்விகளுக்குள் மறையும் பகுதியில், சீல் எட்டாத உயரத்தில் இருந்தால் அழகு மட்டுமே கெட்டது. சீல் ஏறி இறங்கும் பாதையில் இருந்தால் எண்ணெய் கசிந்து பிரேக் டிஸ்க்கில் வழியும். எத்தனை புதிய சீல் போட்டாலும் நிற்காது.

வலது குழாயில் குழிகள் சில, அவையும் சிறியவை. விளிம்புகளை கத்தி தீட்டும் நுண்மையான எண்ணெய்க்கல்லால் மட்டமாக்கி, அசிட்டோனால் துடைத்து, இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்ஸியைப் பிளேடால் அழுத்தி நிரப்பினேன். நன்றாக இறுகியபின் 1000, அடுத்து 2000 எண் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு. தாளைத் தட்டையான கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் மெத்தென்ற எபாக்ஸி மட்டும் தேய்ந்து பழைய பள்ளம் திரும்பிவிடும். தேய்ப்பது குழாயைச் சுற்றி இருக்கட்டும். நீளவாக்கில் விழும் கீறல் எண்ணெய்க்கு வழிவிடும்.

இடது குழாயில் குழிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. எபாக்ஸிக்கு அங்கே வேலையே இல்லை. குரோம் பூசும் பட்டறையில் கொடுத்தேன். பழைய குரோமை நீக்கி, குழாயை அரைத்து, கடின குரோமைத் தடிமனாகப் பூசி, மறுபடி பழைய விட்டத்துக்கே அரைத்துத் தந்தார்கள். செலவு பிடிக்கும் வேலை. குழாய் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்புக்காகப் பூசும் அலங்கார குரோம் இதற்கு உதவாது. அது பெரும்பாலும் 1 மைக்ரான்கூட இருக்காது.

இரண்டு பக்கமும் சீல்கள் இப்போது உலர்ந்தே இருக்கின்றன. வலப்பக்கத்தை மட்டும் வண்டி கழுவும்போதெல்லாம் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். எபாக்ஸி குரோம் ஆகிவிடாது அல்லவா!

திரவத்துக்கு 5க்கு 4. ‘புதியதுபோல் ஆக்கும்’ என்று புட்டியில் அச்சடித்ததற்காகத்தான் அந்த ஒன்றைக் குறைத்தேன்.