சராசரியா, சிமுலேஷனா, நோட்டுப் புத்தகமா: குவெஸ்ட் லாபத்துக்கு மூன்று கணக்குகள்

செல்லப்பிராணி வளர்க்கும் இணைய விளையாட்டான நியோபெட்ஸில், எட்னா தரும் குவெஸ்ட் (கேட்ட பொருளைத் தேடிக் கொடுக்கும் வேலை) லாபமா, கிச்சன் குவெஸ்ட் லாபமா என்ற வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆளுக்கொரு எண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். ஒருவர் எக்செல்லில் சராசரி எடுத்திருப்பார். இன்னொருவர் பைத்தானில் நிரல் எழுதி, குவெஸ்டைக் கணினியிலேயே பல ஆயிரம் முறை ஆடிப் பார்க்கும் சிமுலேஷன் ஓட்டியிருப்பார். மூன்றாமவர் தினமும் எழுதி வைத்த வரவு செலவை நீட்டுவார். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எந்த குவெஸ்ட் நல்லது என்று முடிவு கட்டுமுன் எந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

1999 நவம்பரில் தொடங்கிய விளையாட்டு இது. குவெஸ்டின் அடிப்படை எளிது: கேட்கிற பொருளை மற்ற வீரர்களின் கடைகளில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பதிலுக்கு ஏதோ ஒன்று கிடைக்கும். சூனியக்காரி எட்னா, கிச்சனில் குவெஸ்ட் தரும் கடலடிச் சமையல்காரர், பனித் தேவதை டேலியா ஆகிய மூவரிடமும் நாளுக்குப் பத்து குவெஸ்ட்தான். அதனால் ஒரு குவெஸ்டுக்கு எவ்வளவு என்ற கேள்வி, அந்தப் பத்து வாய்ப்பை எப்படிச் செலவழிக்கிறோம் என்ற கேள்வியாகிவிடுகிறது.

உண்மையான விலைகள் நாளுக்கு நாள் மாறும். ஆகவே குவெஸ்ட் கொடுக்கிற இரண்டு பேரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் நிதானக்காரர். அவர் கேட்கும் பொருள்களின் விலை 100, 400, 700, 1200 பாயிண்ட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்). நான்கும் சம வாய்ப்பு. எதைக் கொடுத்தாலும் 800-க்கு விற்கக்கூடிய பொருளைத் தருவார். இரண்டாமவர் லாட்டரிக்காரர். அவர் கேட்பவை 200, 600, 1200, 2000. வழக்கமாக 600 பெறுமான பொருள்தான் தருவார். நூற்றில் ஒரு முறை 80,000-க்குப் போகும் அரிய பொருள் ஒன்று விழும்.

எக்செல் கணக்கு ஒரு நிமிட வேலை. நிதானக்காரரிடம் சராசரிச் செலவு 600, வரவு 800, லாபம் 200. லாட்டரிக்காரரிடம் செலவு 1000, சராசரி வரவு 1394, லாபம் 394. இரு மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் எக்செல்லை மூடிவிட்டு லாட்டரிக்காரரிடம் போய்விடுவார்கள்.

சிமுலேஷன் அதே எண்களைத்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் சராசரியை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. மான்டே கார்லோ முறை என்று இதற்குப் பெயர். நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஸ்டனிஸ்லாவ் உலாம் 1946-இல் தனியாகச் சீட்டாடியபோது, ஆட்டம் வெல்லும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிப்பதைவிட நூறு முறை ஆடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. ஆக, விளையாட்டுக் கணக்குக்கு இதைப் பயன்படுத்துவது வீண் வேலை என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். பிறந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது.

லாட்டரிக்காரரிடம் ஒரு வாரம் போனால் 70 குவெஸ்ட். பத்தாயிரம் வாரங்களை ஓட்டிப் பார்த்தால், ஏறத்தாழ பாதி வாரங்களில் அரிய பொருள் கண்ணிலேயே படாது. அந்த வாரங்களில் சுமார் 28,000 நஷ்டம். ஒரு மாதம், அதாவது 300 குவெஸ்ட் என்றால் சராசரி லாபம் 1,18,200. இருந்தும் ஐந்தில் ஒரு மாதம் நஷ்டத்தில் முடிகிறது. பத்தில் நான்கு மாதங்களில், சத்தமில்லாமல் 60,000 சேர்த்த நிதானக்காரரின் வாடிக்கையாளர்தான் முன்னால் நிற்கிறார்.

கையிருப்பையும் சேர்த்தால் படம் இன்னும் மாறும். 50,000 பாயிண்டோடு இறங்குகிறவருக்கு, பெரிய பரிசு வராதவரை குவெஸ்டுக்குச் சராசரியாக 400 கரைகிறது. 125 குவெஸ்டில் பணப்பை காலி. அதற்குள் ஒரு அரிய பொருள்கூட வராமல் இருக்கும் வாய்ப்பு 28 சதவீதம். முதலுக்கே மோசம்! சராசரிக்கு இது தெரியாது, ஏனென்றால் பாதியில் காசு தீர்ந்து நின்றுவிட்ட ஆள் என்ற ஒன்று அந்தச் சூத்திரத்தில் கிடையாது. சிமுலேஷனில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஓட்டும் எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: நூறு மாதங்கள் மட்டும் ஓட்டினால் கிடைக்கும் சராசரியே பதினாலாயிரம் அளவுக்கு அப்படி இப்படி ஆடும். பத்தாயிரம் ஓட்டினால் ஆட்டம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இதுவரை சிமுலேஷன் கட்சிக்காரனைப் போலப் பேசிவிட்டேன். அதன் பலவீனம் உள்ளே போட்ட எண்ணில் இருக்கிறது. நூற்றில் ஒன்று என்று யார் சொன்னது? அது இருநூற்றில் ஒன்றாக இருந்தால் லாட்டரிக்காரரின் லாபம் 394-இலிருந்து மைனஸ் 3 ஆகிவிடுகிறது. நிரல் அப்போதும் அழகான வரைபடம் போடும், அதுவும் தசம புள்ளியோடு.

நோட்டுப் புத்தகத்துக்கு இங்கேதான் மரியாதை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். குவெஸ்டில் போடுவதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மாதம் எழுதி, 300 குவெஸ்டில் மூன்று அரிய பொருள் கிடைத்ததென்றால் நூற்றில் ஒன்று என்று எழுதிவிடத் தோன்றும். புள்ளியியல் அவ்வளவு தாராளமாக இல்லை: உண்மை வாய்ப்பு 0.2 முதல் 2.9 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது. 300 முறை போய் ஒன்றுகூடக் கிடைக்காதவரும் ‘ஒரு சதவீதம் என்பது பொய்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. பலருடைய குறிப்புகளைச் சேர்த்தால் தேவலை. அதிர்ஷ்டம் அடித்தவர்கள் மட்டும் ஓடிவந்து எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கணக்கையும் போட்டுப் பார்த்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது வேறொன்று. வேண்டாம் என்று சொல்வதன் விலை. மேலே சொன்ன எண்களெல்லாம், எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுக்கிற ஆளுக்கானவை. நிதானக்காரர் 1200 பாயிண்ட் பொருளைக் கேட்டால் விலகிவிடுங்கள். மற்ற மூன்றின் சராசரிச் செலவு 400, லாபமும் 400. விலகியது அன்றைய பத்தில் கழியாமல் வேறு குவெஸ்ட் கேட்க முடிந்தால், ஒவ்வொன்றுக்கும் முழு 400. லாட்டரிக்காரரிடம் கண்ணை மூடிக்கொண்டு போகிறவருக்குக் கிடைக்கும் 394-ஐவிட இது அதிகம், அதுவும் மாரடைப்பு இல்லாமல். விலகியது பத்தில் கழிந்தாலும் 300 நிற்கிறது.

லாட்டரிக்காரரிடமும் 2000 பொருளை விட்டுவிட்டால் 394 என்பது 545 ஆகும். விலகல் கணக்கில் கழியாவிட்டால் 727. அந்த ஒரு சதவீதம் அரை சதவீதம்தான் என்று பயந்து, 1200-ஐயும் விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த மோசமான நிலையிலும், விலகல் பத்தில் கழிந்தாலும்கூட, மைனஸ் 3-க்குப் பதில் 298 கிடைக்கும். வாய்ப்பு எவ்வளவு என்று சரியாகத் தெரியாதபோதும் இந்த வெட்டுக்கோடு காப்பாற்றுகிறது. ஆகவே சிமுலேஷன் எழுதுகிறவர்கள் ‘எந்த குவெஸ்ட்’ என்ற பட்டியலை விட்டு, ‘எந்த விலைக்கு மேல் விலகுவது’ என்ற எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கட்டும்.

வாங்கும் விலையிலும் ஒரு சிக்கல். வீரர்களின் கடைகளில் பொருளைத் தேடித் தரும் ஷாப் விசார்டிடம் ஒரு தடவை தேடினால் எல்லாக் கடைகளும் வராது, ஒரு பகுதிதான் வரும். ஒரே தேடலோடு வாங்குகிறவருக்கும் நாலைந்து முறை தேடுகிறவருக்கும் செலவு ஒன்றாக இருக்காது. அந்த நேரத்துக்கும் விலை போட வேண்டும். தேடலை நிரலிடம் விட்டுவிடலாமே என்று கை துறுதுறுக்கும். விளையாட்டைத் தானியங்கியாக ஓட்டுவது விதிமீறல், உங்கள் நியோபெட்ஸ் கணக்கையே முடக்கிவிடுவார்கள். சிமுலேஷன் உங்கள் கணினியோடு நிற்கட்டும்.

விற்க முடியாத பரிசுகளை எந்தக் கணக்கும் சரியாகத் தொடுவதில்லை. கிச்சனில் சில சமயம் பாயிண்டுக்குப் பதில் செல்லப்பிராணியின் பலம் கூடும். சண்டைக்களத்தில் இறங்குகிறவருக்கு அது பணம். என்னைப் போல வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒன்றுமில்லை. என் நிரலில் அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன், அதனால் கிச்சன் எப்போதும் கடைசியில்தான் வருகிறது. இருந்தும் தினமும் முதலில் போவது அங்கேதான்.