விக்கிப்பீடியாவில் கணித வாய்பாடுகள்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஆங்கில விக்கிப்பீடியாவிலும் கணிதக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்தும் தொகுத்தும் வருகிறேன். அங்கே வாய்பாடுகள் திரையில் தோன்றும் விதம் வெகுவாக மேம்பட்டிருக்கிறது. அந்த மேம்பாட்டின் அடிப்படை என்ன, தொகுப்பவர் கைகளில் இன்னும் எஞ்சியிருப்பது என்ன என்பதையே இங்கே பகிர்கிறேன்.

தொடக்க ஆண்டுகளில், கணிதத்தைக் கட்டளைகளாக எழுதும் லேடெக் குறிமுறையில் நாம் எழுதியதை, விக்கிப்பீடியாவின் வழங்கி (சர்வர்) புள்ளிகளாலான பிஎன்ஜி படமாக மாற்றித் தந்தது. எழுத்தின் அளவைப் பெருக்கினால் படம் மங்கியது. வரியின் நடுவே வரும் ஒரு சிறிய மேற்குறிகூட எழுத்துகள் அமரும் கோட்டை விட்டு விலகி நின்றது. பின்னர் மேத்தாய்டு என்னும் வழங்கி நிரல், மேத்ஜாக்ஸ் என்னும் கணிதக் காட்சி நிரலைக் கொண்டு, கோடுகளாகவே வரையப்படும் எஸ்விஜி படங்களை உருவாக்கியபோது இரு குறைகளும் பெருமளவு நீங்கின. எவ்வளவு பெருக்கினாலும் வர்க்கமூலக் குறியின் கோடு கூர்மையாகவே இருக்கிறது. படம் எவ்வளவு கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பதும் எழுத்துருவின் அளவைப் பொறுத்த அலகில் குறிக்கப்படுவதால், வாய்பாடு வரியோடு ஒட்டி அமைகிறது. அதே பக்கத்தில், வாய்பாட்டின் அமைப்பைக் குறிச்சொற்களால் விவரிக்கும் மேத்எம்எல் வடிவமும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்க்கப்படுவது, திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் திரைவாசிப்பான் வழியாகப் படிப்பவர்களுக்குக் கிடைத்த பெரும் நன்மை.

இத்தனை மாற்றங்களுக்காகப் பழைய கட்டுரைகளின் வாய்பாடுகளை யாரும் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை என்பதே என் அனுபவத்தில் மிக முக்கியமானது. மூலத்தில் பொருளும் அமைப்பும் மட்டும் இருந்தன. தோற்றத்தை உருவாக்கும் கருவி அடியில் மாறிக்கொண்டே வந்தது. ஆகவே, இன்றைய உலாவியில் அழகாகத் தெரிவதற்காக வெற்றிடக் கட்டளைகளைத் திணிப்பதையும், வாய்பாட்டைத் திரைப்பிடிப்பாகப் பதிவேற்றுவதையும் நான் உறுதியாக எதிர்க்கிறேன். படமாக வந்த வாய்பாட்டை அடுத்தவர் திருத்தவும் முடியாது.

தொகுப்பவரின் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் இடம், பத்திக்குள் வரும் வாய்பாடு. விக்கிப்பீடியாவில் வெறும் கணிதக் குறிச்சொல்லை (<math>) இட்டால், அது தனிவரிக்கு உரிய பெரிய பாணியையே எடுத்துக்கொள்கிறது. எனவே, எல்லைகளோடு கூடிய ஒரு கூட்டுத்தொகைக் குறியோ (∑) பின்னமோ பத்தியின் நடுவே வந்தால் மேலும் கீழும் உள்ள வரிகள் விலகிவிடுகின்றன. குறிச்சொல்லில் உள்வரிக் காட்சி (display="inline") என்று குறிப்பிட்டால் எல்லைகள் குறியின் பக்கவாட்டில் அமைந்து, வரி இடைவெளி சீராகிறது. ஒரே சொல்லில் முடியும் இந்தத் திருத்தத்தால் நிறுவல்கள் நிறைந்த பக்கங்கள் படிக்க எளிதாவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். நீண்ட சமன்பாடு கைபேசித் திரையில் தானாக முறிவதில்லை. அதைச் சமக்குறியின் இடத்தில் பிரித்து, வரிசைப்படுத்தி எழுதுவது நல்லது.

‘எனில்’ போன்ற தமிழ்ச் சொற்களை வாய்பாட்டுக்குள் இடுவதைத் தவிர்க்கிறேன். எஸ்விஜி படத்தினுள் செல்லும் எழுத்து, பக்கத்தின் எழுத்துருவைப் பெறுவதில்லை. அந்நிபந்தனையை வாய்பாட்டுக்கு வெளியே தமிழ் வாக்கியமாகவே எழுதலாம்.

உலாவி தானே வரைந்து காட்டும் மேத்எம்எல்தான் இனிச் செல்ல வேண்டிய திசை என்பது என் கருத்து. ஃபயர்ஃபாக்ஸ் இதை நெடுங்காலமாக ஆதரித்து வந்தது. குரோம் 2013-இல் ஒரு பதிப்பில் மட்டும் சேர்த்து உடனே நீக்கியது. இகாலியா என்னும் மென்பொருள் நிறுவனத்தின் உழைப்பால் 2023 ஜனவரியில் வெளிவந்த 109-ஆம் பதிப்பில் அந்த ஆதரவு மீண்டும் வந்தது. இவ்வடிவில் வாய்பாடு சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தையே ஏற்பதால், இருண்ட பின்னணிக்கெனத் தனியாக நிறம் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் படிப்பவரின் கணினியிலோ கைபேசியிலோ கணித எழுத்துரு இல்லையென்றால் அணிகளைச் (மேட்ரிக்ஸ்) சூழும் அடைப்புக்குறிகள் உரிய உயரத்துக்கு நீள்வதில்லை. அதனால் கணினியில் ஸ்டிக்ஸ் டூ மேத் எழுத்துருவை நிறுவிக்கொண்டு, விருப்பத்தேர்வுகளில் மேத்எம்எல் காட்சியைத் தெரிவுசெய்திருக்கிறேன். கைபேசியில் புகுபதிகை செய்யாமல், இயல்பாக வரும் காட்சியிலேயே படிக்கிறேன்.